விளக்குமாற்றுக் காட்சி

வஜ்ரவேலைத் திரையில் இருபத்திரண்டு வருடங்களாக யாரும் அடித்ததில்லை. அடிக்க வந்தவர்கள் உண்டு. அவர்களெல்லாம் வைக்கோல்போர் மேல் போய் விழுந்தார்கள். அதை வைத்துத்தான் அகரம் ரசிகர் மன்றச் செயலாளர் பாண்டியராஜ் ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தான்.

வரிசையாக மூன்று படங்கள் படுத்துவிட்டதால் வஜ்ரவேல் சிரிப்புப் படத்துக்கு ஒத்துக்கொண்டார். 'சம்பந்தி வீட்டுச் சாப்பாடு', இரண்டாம் பாகம். சிக்கனமாக முடிக்க வேண்டும் என்று அகரத்திலேயே படப்பிடிப்பு வைத்தார்கள். மாமியாரிடம் விளக்குமாற்றால் அடிவாங்கி, மருமகன் மாட்டுத் தொட்டிக்குள் விழ வேண்டும். மாமியாராக நடிக்க வேண்டிய அம்மாள் சென்னையிலிருந்து வந்து சேரவில்லை.

இயக்குநர் மோகன்குமார் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது பக்கத்துத் தக்காளிக் காட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே பாண்டி! மோட்டாரப் போடச் சொன்னா இங்க வந்து எவன் வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற? நாப்பது வயசாச்சு, இன்னும் மன்றமாம் மண்ணாங்கட்டியாம்!"

"யார் அது?" என்றார் மோகன்குமார்.

"எங்க ஆத்தா" என்றான் பாண்டியராஜ்.

"அவங்கதான் மாமியார்."

பாண்டியராஜின் ஆத்தா ஜக்கம்மாளுக்குச் சின்னாளப்பட்டிச் சேலை கட்டி, பவுடர் பூசி, கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார்கள். கேமரா ஓடியதும் அவள் வஜ்ரவேலைப் பார்த்து, "வாங்க தம்பி, சாப்டியளா?" என்றாள்.

"திட்டணும்மா" என்றார் மோகன்குமார்.

"ஒரு பாவமும் அறியாத புள்ளய என்னத்தச் சொல்லித் திட்டுறது?"

ஒன்பது முறை எடுத்தார்கள். ஒன்பதாவது முறை விளக்குமாற்றால் அவர் நின்ற இடத்தைச் சுத்தமாகக் கூட்டிவிட்டாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இரவே படக்குழு ஊரைக் காலி செய்ய வேண்டும். வஜ்ரவேல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, பாண்டியராஜிடம், "இதுவும் போச்சுன்னா எனக்கு அடுத்த படம் கிடையாது தம்பி" என்றார்.

தலைவர் அடிவாங்குவதைப் பார்க்கக் கூடாது என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தவன் பாண்டியராஜ். இப்போது தலைவர் அடிவாங்காமல் போய்விடுவாரோ என்று பயந்தான்.

"அண்ணே, நான் உங்க முதுகுக்குப் பின்னாடி நிக்கிறேன். என்னையப் பாத்தாத்தான் ஆத்தாவுக்கு வாய் வரும்."

வரவில்லை. புதுச் சேலையில் ஜக்கம்மாள் நல்ல மனநிலையில் இருந்தாள். "என்னடா அப்பு, வெயில்ல நிக்கிற?" என்றாள்.

பாண்டியராஜுக்கு வேறு வழி இல்லை.

"ஆத்தா, நம்ம செவலைப் பசு..."

"அந்தக் கள்ளி பேச்சு இப்ப எதுக்கு?"

வஜ்ரவேல் படம் வெளியாகும் வாரமெல்லாம் செவலையின் மடி வற்றிக் கிடக்கும். மாடு பாலை ஒளித்துவைக்கிறது என்று ஜக்கம்மாள் வேப்பிலை அடித்துப் பார்த்தாள், மந்திரித்துப் பார்த்தாள். கடைசியில் ஒட்டன்சத்திரம் மாட்டுச் சந்தையில் விற்றுவிட்டு வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

"அது ஒளிக்கல ஆத்தா. நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நான்தான் கறந்துட்டுப் போனேன். இவரு கட்அவுட்டுக்கு ஊத்த."

விளக்குமாறு உயர்ந்தது. பாண்டியராஜ் குனிந்துகொண்டான். வஜ்ரவேல் குனியவில்லை. இருபத்திரண்டு வருடங்களில் அவருக்குக் குனிந்து பழக்கமில்லை.

"ஏலே பாண்டி! வாயில்லாச் சீவனக் கள்ளின்னு சொல்ல வச்சுட்டியேடா! இந்த மரப்பலகைக்கா ஊத்துன அம்புட்டுப் பாலையும்!"

வஜ்ரவேல் எந்தப் படத்திலும் கேட்டிராத குரலில் "யாத்தே" என்று கத்திக்கொண்டு தொட்டிக்குள் விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். கேமராக்காரர் சிரித்ததில் படம் கொஞ்சம் ஆடியது. மோகன்குமார் அப்படியே வைத்துக்கொண்டார். மருமகனின் பெயர் பிரகாஷ் என்று இருந்தது. அன்று முதல் பாண்டி என்று ஆனது.

வீட்டில் பாண்டியராஜுக்கு ஒரு மாதம் வெறுஞ்சோறுதான், வெஞ்சனம் கிடையாது.

படம் நன்றாக ஓடியது. திண்டுக்கல் தியேட்டர் வாசலில் ஜக்கம்மாளுக்கு இருபதடி கட்அவுட் வைத்தார்கள். அதன் முழங்கால் உயரத்தில் வஜ்ரவேலின் கட்அவுட் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. மன்றத்து ஆட்கள் குடம் குடமாகப் பாலோடு ஏணியில் ஏறினார்கள்.

ஜக்கம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். தன் கட்அவுட்டின் தலையிலிருந்து பால் வழிவதைப் பார்த்தாள்.

"ஏலே, இது யார் வீட்டுப் பாலுடா?"

ஏணியில் நின்றவர்கள் குடங்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். பாண்டியராஜ் மெதுவாக நகர்ந்து, வஜ்ரவேலின் கட்அவுட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.