எட்டு பூட்ஸ் அகலம்

1

“அந்த லாரி எனக்கு வேணும்.”

சிதம்பரத்தில், ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில், புஷ்பவள்ளி கதவைத் திறந்ததும் நான் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். வணக்கம் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்கவில்லை. அப்பா செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. கடைசிப் பதினாலு வருஷம் அவர் வாழ்ந்தது அந்த வீட்டில்தான், புஷ்பவள்ளியோடு.

“அந்த வூட்டு வாசல்ல போயி ஒரு குண்டூசி கேட்டன்னு தெரிஞ்சா, எனக்குப் பொண்ணே இல்லன்னு நெனச்சுக்குவேன்” என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் குண்டூசி கேட்கவில்லை. லாரியைத்தான் கேட்டேன். முழங்கை நீளம்கூட இல்லாத ராணுவ லாரி.

கேட்டது சரியா என்று கடலூர் பக்கத்து எங்கள் ஊர் குடிகாட்டில் யாரிடமும் பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கதைக்கு வேறு பெருமையான காரணம் எதுவும் இல்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “கெடிலம் ஆற்றின் மேல் மாலை வெயில் மெல்ல—”

அடித்துவிட்டேன். கெடிலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: “என் தந்தை இளவரசு ஒரு வீரமிக்க—”

அதையும் அடித்தேன். அப்பா ராணுவத்தில் லாரி டிரைவர். துப்பாக்கியைவிட ஜாக்கியைத்தான் அதிகம் தூக்கியிருக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை, மே மாதம், லீவில் வருவார். எனக்கு ஏழு வயதான லீவில்தான் அவர் ஓட்டிய மூணு டன் லாரியை அப்படியே சின்னதாகச் செய்ய ஆரம்பித்தோம். தகரத்தில் பாடி. பைப்பை வட்டமாக அறுத்து டயர். ரீஃபிலில் சைலன்சர். கொசுவலைத் துண்டில் முன் கிரில்.

“எங்கிட்ட டேப்பு கெடயாது பாப்பா. என் பூட்ஸு ஒண்ணுக்கு உன் சுண்டுவிரல் நகம் ஒண்ணு. அளவு தப்பவே தப்பாது” என்றார்.

கேம்ப்பில் லாரிக்குப் பின்னால் குதிகாலும் நுனியுமாகப் பூட்ஸை வைத்து வைத்து அளந்துகொண்டு வந்திருந்தார். அகலம் எட்டு பூட்ஸ். அப்படியென்றால் எட்டு நகம். தகரத்தின் மேல் என் சுண்டுவிரலை வைத்து, நகத்தின் இரண்டு ஓரத்திலும் ஆணியால் கீறுவார். கூசும். சிரித்தால், “ஆடாத, வண்டி கோணிக்கும்” என்பார்.

முதல் லீவில் கேபின். அடுத்த லீவில் பாடியின் முன்பாதி. மூன்றாவது லீவில் பின்பாதி. நகம் வளரும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

[இடையில் ஒன்று: நான் எங்கள் வீட்டில் முதல் டிகிரி. பிசிக்ஸ். பைப் கம்பெனியில் குவாலிட்டி வேலை, மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கிற வெர்னியர் எப்போதும் பையில் கிடக்கும். அன்று புஷ்பவள்ளி வீட்டில் அளந்தேன். கேபின் 56 மில்லிமீட்டர், பாடி முன்னால் 60, பின்னால் 65. வண்டி பாவாடை மாதிரி பின்னால் விரிந்துகொண்டே போகிறது.]

“பின் டோர் மட்டுந்தான் பாக்கி. அடுத்த லீவுல போட்டுடலாம்.”

அடுத்த மே மாதம் அவர் ராணுவத்தைவிட்டே வந்துவிட்டார். இரண்டு நாள் வீட்டில் இருந்தார். மூன்றாம் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனார். பெட்டிக்குள், என் பழைய கவுனில் சுற்றி, லாரியும் போனது.

3

புஷ்பவள்ளியை எனக்கு எழுத வரவில்லை.

ஒரு வரைவில் அவளுக்கு லிப்ஸ்டிக் போட்டேன். இன்னொன்றில் தெய்வமாக்கினேன். இரண்டுமே சோம்பேறித்தனம். நிஜத்தில் அவள் சத்துணவுக்கூடத்தில் சமைப்பவள். கையில் பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்பு. சின்னம்மா என்று கூப்பிடுவதுதான் முறை. நான் “இந்தாங்க” என்றேன்.

“எழிலுதான? தண்ணி குடி மொதல்ல. லாரி எங்கயும் ஓடிடாது, டயரெல்லாம் பைப்புதான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காக அவளை இன்னும் மன்னிக்கவில்லை.

டி.வி.க்குப் பக்கத்தில் லாரி இருந்தது, சட்டைக் கவர் போர்த்தி. கவரை எடுத்தேன். பச்சைப் பெயின்ட்டில் தூசி இல்லை. பின் கதவு போட்டிருந்தது. ஆனால் அது வண்டியைவிட அகலம்.

“இது என்ன, காது மாதிரி ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு?”

“நானுந்தான் கேட்டேன். ‘பொருந்தலியே’ன்னா, ‘வுடு, அவளுக்குப் பொருந்தும்’பாரு.”

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். திறந்தாள். தகரக் கதவுகள். முதலில் ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிது, கடைசியில் சில ஒரே அளவு. பதின்மூன்று.

“வருசா வருசம் மே மாசம் பழசக் கழட்டிட்டுப் புதுசு போடுவாரு. ‘இந்த வருசம் அவ நகம் இவ்ளோ இருக்கும்’னு கண்ண மூடிக்கிட்டுக் கோடு போடுவாரு. பொண்ணுங்களுக்கு நகம் எந்த வயசு வரைக்கும் பெருசாவும்னு என்னக் கேட்டாரு. பதினாறோட நின்னுடும்னேன். அப்பறமும் செஞ்சாரு, அதே அளவுல.”

“உங்க வெரல வச்சு அளக்கலியா?”

“ஒரு வாட்டி நீட்டுனேன். ‘இது வேற கணக்கு’ன்னுட்டாரு.” அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

“இந்த ஊர்ல பஸ்ஸு ஓடலியா?” என்றேன். சிதம்பரத்திலிருந்து கடலூர் ஒன்றேகால் மணி நேரம். தகரம் வெட்டிய நேரத்தில் போய்த் திரும்பியிருக்கலாம்.

“ரெண்டு வாட்டி வந்தாரு. கடலூர் பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டுத் திரும்பிட்டாரு.”

[இதை அவள் சொன்னாளா, நான் சேர்த்தேனா என்று சந்தேகம் வரலாம். அவள்தான் சொன்னாள். நான் படைத்திருந்தால் ஒரு அப்பாவை இவ்வளவு கோழையாகப் படைத்திருக்க மாட்டேன்.]

4

“ரெண்டுல ஒண்ணு எடுத்துக்க” என்றாள். “லாரியா, டப்பாவா. ரெண்டயும் குடுத்துட்டா நான் எதத் தொடச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பேன்?”

இங்கே நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். வண்டியில் இருந்த கடைசிக் கதவின்மேல் என் சுண்டுவிரல் நகத்தை வைத்து அளக்க வேண்டும்.

முடிவு ஒன்று, எழுதிப் பார்த்தது: சரியாக எட்டு நகம். நான் உடைந்து அழுகிறேன். “சின்னம்மா—”

கிழித்துவிட்டேன். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்திருக்கும்.

முடிவு இரண்டு: ஏழரை. கதவைச் சுவரில் விட்டெறிகிறேன். அதுவும் பொய். அந்தத் தகரத்தை என்னால் எறிய முடியாது.

நடந்தது இவ்வளவுதான். விரலைக் கதவின் ஓரம்வரை கொண்டுபோனேன். மடக்கிக்கொண்டேன். எட்டு வந்தால் மன்னிக்க வேண்டியிருக்கும். வராவிட்டால், அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது என்று ஆகிவிடும். பதினாலு வருஷமாக வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னமும் தலையைத் தூக்கிப் பார்க்கிற ஒருத்தியால் இரண்டையும் தாங்க முடியாது.

வெர்னியரையும் பையில் போட்டு மூடினேன்.

5

கதவை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். டக்கென்று கழன்றது. டப்பாவில் போட்டேன். பதினாலு.

“டப்பா உங்களுக்கு.”

“அடியே, டோர் இல்லாமயா தூக்கிக்கிட்டுப் போற? அதுதான் இருக்கறதுலயே நல்ல வேல!”

“நாங்க நிறுத்துன எடத்துலயே நிக்கட்டும்.”

லாரியைத் துப்பட்டாவில் சுற்றினேன். அம்மாவிடம் பொய் சொல்லப்போவதில்லை. அவள் கண்ணில் படுகிற இடத்தில்தான் வைப்பேன். பொண்ணு இல்லை என்று சொன்னால் சொல்லட்டும்.

உங்களுக்கு அளந்தே தீர வேண்டுமென்றால், டப்பா சிதம்பரத்தில் இருக்கிறது. என் நகம் என்னோடு வருகிறது. இரண்டையும் சேர்ப்பது என் வேலை இல்லை.

செருப்பை மாட்டினேன். முதுகுக்குப் பின்னால் டப்பாவின் மூடி திறக்கிற சத்தமும், ஒவ்வொன்றாகத் தகரத்தை எடுத்து அடுக்குகிற சத்தமும் கேட்டன. அவள் அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் சந்தைத் தாண்டி, கடலூர் பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன்.