வெள்ளைக் கோடு

பாறையில் வெள்ளைக் கோடு இருந்தால், அங்கே துளை போட்டு வெடி வை என்று அர்த்தம். திண்டிவனம் பக்கத்துக் கல் குவாரிகளில் இது எல்லோருக்கும் தெரியும். இனியவனுக்கும் தெரியும். மறந்துவிட்டான்.

இரண்டு வருஷமாக அவன் மத்திய அரசின் நிலவியல் ஆய்வு ஜீப்பில் சுத்தியலும் பெயின்ட் டின்னும் தூக்கித் திரிந்தவன். தினக்கூலி. எந்தப் பாறை எங்கே தொடங்குகிறது, எங்கே பிளந்திருக்கிறது என்று வரைபடம் போடுகிற வேலை. சித்திரையில், மூடிக் கிடந்த ஒரு குவாரியில் ஆய்வுக்குழு அதிகாரி கிருஷ்ணவேணி மேடம் நீளமான விரிசல் ஒன்றைக் காட்டினார்.

"போட்டோவுல தெரியணும் இனியவன், மஞ்சள் அடிங்க."

மஞ்சள் தீர்ந்திருந்தது. வீட்டுக்கு அடித்த வெள்ளையில் மிச்சத்தை அண்ணன் புகழேந்தி முந்தின நாள்தான் கொடுத்திருந்தான். "எடுத்துக்கினு போடா. உங்க சர்க்காருக்குப் பெயின்ட் வாங்கக்கூட வக்கில்லயா?" அதையே விரிசல் நெடுக இழுத்துவிட்டான்.

பாறை கழன்று நிற்கிறது, தொடக்கூடாது என்று மேடம் அறிக்கை அனுப்பினார். எழுதுவதுதான் அவர்கள் வேலை. நிறுத்துகிற அதிகாரம் வேறு இடத்தில். ஆடியில் குவாரியைத் திறந்தார்கள். துளை போடுகிறவன் புகழேந்தி. கோட்டைப் பார்த்தான், இயந்திரத்தை வைத்தான். பாறை அவன்மேலேயே சரிந்தது.

"குடிச்சிட்டு இஷ்டத்துக்குப் போட்டான்" என்றார் மேஸ்திரி. தெருவும் அதையே சொன்னது.

கருமாதி முடிந்த மறுநாள் இனியவன் அண்ணி கலையரசியின் எதிரில் உட்கார்ந்தான். அவள் டீ வைத்தாள். "குடிங்க தம்பி."

"அண்ணி, அந்தக் கோட்ட நான்தான் போட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை.

"அதப் பாத்துதான் துளை போட்டாரா?"

"வேற எதப் பாத்துப் போடுவாரு?"

"அப்ப குடிச்சிட்டுப் போடல."

எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். "பூமாலக்கா! ஜெயம்! எல்லாரும் வாங்க. இவன் ஒண்ணு சொல்றான்."

ஏழெட்டுப் பேர் வாசலில் கூடினார்கள்.

"சொல்லுடா."

அவள் அவனை 'டா' போட்டுப் பேசியதே இல்லை. சொன்னான்.

"கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்கல. சத்தமா சொல்லு."

வெள்ளைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு இன்னொரு முறை சொன்னான். ஜெயம் வாயைப் பொத்திக்கொண்டாள். கலையரசி உள்ளே போய், அவன் தொடாத டீயை எடுத்துச் சாக்கடையில் ஊற்றினாள்.