பள்ளத்தில் ஏறும் பாரம்

ஓடைப் பள்ளத்தில், டிராக்டர் டிரெய்லரின் அடியில் பாரம் தாங்கும் வில்பட்டை ஒடிந்து கரும்பு ரோட்டில் சரிந்தது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் லோடு. முனியனும் அவன் பெண்டாட்டி ஜெயம்மாளும் மற்ற ஆட்களும், வெட்டிக் களைத்த கையோடு எல்லாக் கரும்புக் கட்டுகளையும் இறக்கி, புதுப் பட்டை மாட்டியதும் திரும்ப ஏற்றினார்கள். ஜெயம்மாளுக்குத் தோள் வீங்கிவிட்டது.

"இன்னொரு தரம் எறக்கி ஏத்துனா என் கை கயண்டு வுழுந்துடும்," என்றாள்.

மறுநாள் டிரைவர் தனசேகரனே கட்டுகளைக் குறைக்கச் சொன்னான். "லோடு ஜாஸ்தி, அதான் ஒடிஞ்சிது. கம்மியா ஏத்துங்க, ஜோரா போலாம்."

பாரம் குறைந்ததால் வண்டி பறந்தது. பள்ளத்தில் இறங்கும்போது இன்னும் மிதித்தான். அந்த வேகத்தை வைத்துத்தான் எல்லா டிரைவர்களும் எதிர் மேட்டை ஏறுவார்கள். அடிப்பள்ளத்தில் படீரென்று சத்தம். டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

தனசேகரன் குனிந்து பார்த்தான். "நேத்து மாட்டுன பட்டைய்யா. இன்னா சாபமோ தெரில."

"சாபமாம்!" கரும்பின் மேலிருந்தே ஜெயம்மாள் கத்தினாள். "வர்ற வழில பாலத்து மேட்ட தாண்டும்போது குண்டி கரும்புலயே படல, அந்தரத்துல வந்தேன். பள்ளத்துல தலைல ஏறி குந்துன மாரி அமுக்குது. என்னயே அந்த அமுக்கு அமுக்குனா, அடில கெடக்கிற இரும்பு இன்னா பண்ணும்?"

முனியன் ஒடிந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். நிற்கிற வண்டியில் அது பாரத்தைத் தாங்கினால் போதும். ஓடுகிற வண்டியில், கீழே பாய்ந்து வருகிற பாரத்தைப் பள்ளத்தில் மேலே திருப்பிவிடுவதும் அதன் தலையில்தான் விழுகிறது. வேகம் ஏற ஏற அந்த வேலையும் ஏறும்.

"லோட கொறச்சி ஸ்பீட ஏத்திட்டியே, டிரைவரே," என்றான்.

"மெதுவா போனா மேடு ஏறாதுய்யா. பாரம் பின்னால இழுத்து டிராக்டர் முன்சக்கரம் தூக்கிக்கும்."

"அப்ப பாதிய தலைல தூக்கி மேட்டுல வெச்சிட்டு, அங்க ஏத்திக்கணும்."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

கரும்பை இறக்கினார்கள். பட்டை வந்து மாட்டியதும் பாதியை மட்டும் ஏற்றினார்கள். மிச்சம் ரோட்டில் கிடந்தது. ஜெயம்மாள் ஒரு கையால் ஒரு கரும்புக் கட்டைப் புரட்டிப் பார்த்தாள். தூக்க வரவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

தனசேகரன் வண்டியை மெதுவாக உருட்டியபடியே மேட்டில் ஏற்றி நிறுத்தினான். இறங்கி வந்து துண்டைச் சும்மாடாகச் சுற்றினான். முனியன் ஒரு கட்டைத் தூக்கி அவன் தலையில் வைத்தான். கழுத்து ஆடியது.

"நேரா புடிய்யா," என்றாள் ஜெயம்மாள். "சரியுது பாரு."