கூடத்து விளக்கு

ஊர்ச் சபைக் கூடத்தின் வாசலில் ஊசியிலைக் கிளைகளை வளைத்துக் கட்டி, நடுவில் வெள்ளித்தாளில் இருபத்தைந்து என்று ஒட்டியிருந்தார்கள். மெரேத்தேக்கும் ஃபின்னுக்கும் கல்யாண வெள்ளிவிழா. அந்த வளைவுக்கு அடியில் குனிந்து ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு போகும்போதே எஸ்பெனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஹாம்பர்க் வரைக்கும் கூட்டம் சேர்த்த ‘கோல்ட்ஹவ்ன்’ ராக் குழுவின் பாடகன், இன்று தன் பெட்டியைத் தானே சுமக்கிறான். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான், வேறென்ன.

குழு பிறந்ததே இதே மீனவ ஊரான த்யூபோரனில், மெரேத்தேயின் அண்ணன் ட்ரோல்ஸ் வீட்டு வலைக்கொட்டகையில். ட்ரோல்ஸ் கிட்டார், பால்லே டிரம்ஸ், எஸ்பென் பாட்டு. இரண்டு இசைத்தட்டு வரைக்கும் ஏறுமுகம்தான். மூன்றாவது வெளிவருவதற்குள், ஒரு பிப்ரவரியில், ட்ரோல்ஸ் தானாகவே கடலுக்குள் நடந்து போய்விட்டான். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லித்தான் இருந்தான். கடைசியாக அவனே எழுதி மெட்டும் போட்ட பாட்டில், ‘கூடத்து விளக்கை அணைக்காதீங்கப்பா, வந்துகிட்டே இருக்கேன்’ என்று, தகப்பனைப் பார்த்து.

அந்தப் பாட்டு வானொலியில் வருஷக்கணக்கில் ஓடியது. நாடே கேட்டது, பெற்ற தகப்பன் ஐனார் மட்டும் கேட்கவில்லை. பாட்டுதான் என் பிள்ளையைத் தின்றது என்று வானொலிப் பெட்டியைத் தூக்கித் துறைமுகத் தண்ணீரில் வீசிய மீனவர் அவர். அப்புறம் குழுவுக்கு எத்தனையோ கிட்டார்காரர்கள் வந்தார்கள், போனார்கள். பெரிய மேடை போய் ஊர்ச்சந்தை வந்தது. சந்தையும் போய் கடைத் திறப்புவிழா வந்தது.

இந்த விருந்துக்கு எஸ்பென் ஒத்துக்கொண்டதே ஒரே ஒரு காரியத்துக்காக. ட்ரோல்ஸ் சொன்னதை ஐனார் காதில் ஒரு தடவை போட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் குழு மண்ணாய்ப் போனாலும் போகட்டும்.

மெரேத்தே அவனை மேடையோரமாக இழுத்துப் போனாள்.

“அப்பாகிட்ட கெஞ்சிக் கூத்தாடித்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கேன். டான்ஸுக்கு என்ன வேணா வாசிங்க. அது மட்டும் வேணாம். சத்தியம் பண்ணு எஸ்பென்.”

பண்ணினான். வாய்தான் பண்ணியது, மனசு பண்ணவில்லை.

“டேய், உன் முழியே சரியில்ல,” என்றான் பால்லே. “ஏழரையைக் கூட்டாதே. பன்னி வறுவலையாவது நிம்மதியா திங்க விடு.”

ஐனார் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தார். ட்ரோல்ஸோடு சேர்ந்து எஸ்பெனும் அப்பா என்றே கூப்பிட்டு வளர்ந்த மனுஷர். இவன் வந்ததிலிருந்து ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்தில் விருந்தென்றால், யாராவது தெரிந்த மெட்டில் கேலிப்பாட்டு கட்டி, தாளில் அடித்து ஆளுக்கொன்று கொடுத்து, சேர்ந்து பாடாமல் எழுந்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு, ஃபின்னோடு மீன் ஆலையில் வேலைபார்க்கும், பழைய கதை தெரியாத ஆட்கள் கட்டியிருந்தார்கள். எஸ்பென் கைக்கும் ஒரு தாள் வந்தது. தலைப்பிலேயே போட்டிருந்தது: மெட்டு, கூடத்து விளக்கு.



“உங்க பாட்டுதாண்ணே!” ஆலைக்காரன் ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சொன்னான். “ஒப்பாரி மாதிரி இழுக்காதீங்க. கொஞ்சம் வேகமா, கும்முனு இருக்கணும்!”

மெரேத்தே முகம் வெளுத்துவிட்டது. முடியாது என்றால், ஏன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லியாக வேண்டும். எஸ்பென் யோசிப்பதற்குள் கூட்டம் கால்களைத் தரையில் தட்ட ஆரம்பித்தது. பால்லேக்கு வேறு வழியில்லை, டிரம்ஸை அடித்துவிட்டான்.

‘கேரவன் வாங்கின ஃபின்னே ஃபின்னே,
கேட்டுத் தூணும் போச்சே பின்னே!’

அடக் கடவுளே! இருபது வருஷமாக ஒரு சந்தையிலும், ஒரு கடை வாசலிலும் விற்காமல் பொத்திவைத்திருந்த ஒரே பாட்டு. அதன் மேல் ஏறி மிதித்து ஆடினார்கள். அதை எடுத்துக்கொடுத்துப் பாடியதும் எஸ்பென்தான்.

இரண்டாவது அடியில் ஐனார் திரும்பினார். ஃபின் வாங்கிய கேரவன் வண்டி இடித்துப் போன தூண் அவர் வீட்டுத் தூண்தான். சிரித்தார், மேஜையைத் தட்டினார். கண்ணாடி இல்லாததால் தாளைத் தள்ளிவிட்டு, மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே பாடினார். சுருதி பிசகவில்லை. மகனுக்கு எங்கேயிருந்து வந்ததென்று எஸ்பெனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எல்லாரும் ஹுர்ரா போட்டுக் குடித்தார்கள். ஐனார் கோப்பையோடு எழுந்து நேரே மேடைக்கு வந்தார்.

“நல்ல மெட்டுடா,” என்றார். ட்ரோல்ஸ் போன பிறகு அவனோடு பேசிய முதல் வார்த்தை. “காலு தரையில நிக்கல. யாருடா போட்டது?”

பேர் எஸ்பெனின் நாக்கு நுனியில் இருந்தது. அவர் பின்னால் மெரேத்தே தட்டும் கையுமாக, மூச்சுவிடாமல் நின்றாள். கிழவரின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

“தெரியலப்பா,” என்றான். “பழைய மெட்டு.”

“யாரா இருந்தா என்ன. கவலையே தெரியாத பயலா இருந்திருப்பான்.” கோப்பையில் இருந்ததைக் குடித்து முடித்தார். “நம்ம வீட்லயும் ஒருத்தன் இருந்தானே. எப்பப் பாரு அழுமூஞ்சிப் பாட்டு. இந்த மாதிரி ஒண்ணு போட்டிருந்தான்னா பொழச்சிருப்பான்டா.”

எஸ்பென் ஒலிவாங்கியின் உயரத்தைச் சரிசெய்தான்.

“இன்னொரு தடவை வாசிங்கடா,” என்று சொல்லிவிட்டு ஐனார் போய், இந்தத் தடவை மேடையைப் பார்த்து உட்கார்ந்தார்.

பால்லே குனிந்த தலை நிமிராமல் குச்சியைத் தட்டினான். எஸ்பென் தாளைக் கையில் எடுத்து, கேரவன் பாட்டை முதலிலிருந்து பாடினான்.