தனிக் குடும்ப விகிதம்

எங்கள் பகுதியில் மின்கட்டணத்தை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். நூறு யூனிட் வரை எதுவும் எடுப்பதில்லை. இருநூறு வரை ஒரு ஜன்னல். நானூறு வரை ஒரு பால்கனி. அதற்கு மேல் போனால் ஓர் அறை.

சென்ற முறை எங்களுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றாறு வந்தது. பால்கனியைக் கழற்றி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது அது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய வீட்டில் மாட்டப்பட்டிருக்கிறது. கொடியில் என் மனைவி சுகந்தியின் நீலத் துண்டு இன்னும் காய்கிறது. துண்டையாவது கொடுங்கள் என்று சுகந்தி கேட்டுப் பார்த்தாள். துண்டு பால்கனியைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த முறை கோடை. ரீடிங் எடுக்கப் பத்து நாள் இருக்கும்போதே மீட்டர் நானூற்று எழுபத்தொன்று காட்டியது. காலையில் ஓர் ஆள் வந்து, எடுக்கப்போகும் அறையின் கதவில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுப் போனான். அது ஆதிரையின் அறை.

ஆதிரை எங்கள் மகள். ஏழு வயது. அந்த அறையின் சுவரில் கிரேயானால் ஒரு பேருந்து வரைந்திருக்கிறாள். ஒரு சுவர் போதாமல் பேருந்து மூலையில் திரும்பி அடுத்த சுவருக்கும் போகிறது. எல்லா ஜன்னலிலும் ஆட்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பெயர் உண்டு.

"பஸ்ஸையும் எடுத்துட்டுப் போயிருவாங்களாப்பா?" என்று கேட்டாள்.

மாட்டார்கள் என்றேன்.

தக்காளி வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குகிறவன் நான். இதிலும் எங்கேயாவது ஒரு குறைந்த விகிதம் இருக்கத்தான் செய்யும். அதை விசாரிக்காமல் அறையைத் தூக்கிக் கொடுப்பது எனக்குக் கேவலமாகப் பட்டது.

முதலில் எட்வினை மாடிப்படியில் பிடித்தேன். எதிர்வீட்டுக்காரர். எங்கள் கட்டடத்தில் இன்னும் பால்கனி இருப்பது அவர் பக்கத்தில் மட்டும்தான்.

"உங்களுக்கு எவ்ளோ வந்துச்சு சார்?" என்றேன்.

"எந்த வீட்டுக்கு?" என்றார்.

சட்டைப் பையிலிருந்து ஐந்து ரீடிங் அட்டைகளை எடுத்துக் காட்டினார். எதுவும் நூறைத் தொடவில்லை.

"ஏசி ஓடுற சத்தம் கேக்குதே?"

"அது என் வீட்ல இல்ல. சம்சாரம் வீட்ல."

"அக்கா நல்லாருக்காங்களா?"

எட்வின் கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்லாத்தான் இருப்பாங்க. போன வாரம் படிக்கட்டுல பாத்தேன். வணக்கம் சொன்னாங்க."

அந்த வணக்கத்தைப் பற்றி நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். என் கண்ணெல்லாம் அட்டைகள் மேலேயே இருந்தது.

மறுநாள் கட்டண ஒப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் நான் பதினான்காவது ஆள். ஒவ்வொருவர் உள்ளே போனதும் நாங்கள் நின்றிருந்த நடை கொஞ்சம் நீண்டது. பன்னிரண்டு மணிக்கு நான் இருபதாவது ஆளாக இருந்தேன். முன்னால் நின்றவர், திரும்பி நின்றால் சீக்கிரம் போகலாம் என்றார். திரும்பி நின்றேன். கவுன்ட்டர் எதிரே இருந்தது.

கவுன்ட்டரில் ஓர் அம்மா தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டு விகிதம் கட்டுப்படியாகல மேடம். வேற என்னென்ன இருக்கு?"

"இருநூத்திப் பதினாலு இருக்கு. எது வேணும்?"

"இருக்குறதுலயே குறைஞ்சது."

"மின்மயான விகிதம். எவ்ளோ யூனிட் ஓடுனாலும் ஒண்ணும் எடுக்க மாட்டோம்."

"அத வீட்டுக்குக் குடுப்பீங்களா?"

"குடுப்போம். மாசத்துக்கு ஒரு ஆளாச்சும் வரணும். வீட்ல எத்தன பேரு?"

"மூணு."

"அப்ப மூணு மாசத்துல நின்னுருமே," என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

கோயில் விகிதம் கேட்டேன். ஒரு ஜன்னலோடு முடிந்துவிடும். ஆனால் வீட்டில் யாரும் கால் நீட்டிப் படுக்கக் கூடாது. குடிசை விகிதம் அதைவிடக் குறைவு. ஆனால் கான்கிரீட் கூரையை முன்கூட்டியே ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, எது எதைவிட மேல் என்று கோடு போட்டேன். மறைப்பானேன், அந்த வேலை எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து இன்னொரு பக்கத்தைப் புரட்டினார்.

"தனிக் குடும்ப விகிதம் போட்டுக்குங்களேன். குடும்பத்துக்கு நூறு யூனிட் ஃப்ரீ. மூணு பேரு, மூணு குடும்பம். இதுவரைக்கும் ஓடுனதையும் மூணாப் பிரிச்சிருவோம்."

நூற்று ஐம்பத்தேழு. தலைக்கு ஒரு ஜன்னல். அடுத்த முறையிலிருந்து கொஞ்சம் சிக்கனமாக இருந்தால் அதுவும் கிடையாது. மூன்று ஜன்னலுக்கு ஓர் அறை தப்பிக்கிறது. ஊரில் எவனுக்கும் இப்படி ஒரு பேரம் படிந்திருக்காது.

"எழுதிருங்க மேடம்."

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"ஏழு."

"குடும்பத் தலைவியாக் கையெழுத்துப் போடுமா?"

"பேரு எழுதுவா."

"அது போதும்."

நான் திரும்பி வருவதற்குள் வீட்டுக்கு மூன்று கதவுகள் வந்திருந்தன. முதல் கதவைத் தட்டினேன். ஆதிரை திறந்தாள். உள்ளே பேருந்து இருந்தது. ஒரு சின்ன அடுப்பும் இருந்தது. நடுக்கதவு என் பெயரில். கடைசிக் கதவு சுகந்தியின் பெயரில்.

சுகந்தி நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவ ரூம் போகாதுல்ல?"

"போகாது."

"அப்பச் சரி."

எட்டு நாளில் ஆய்வாளர் வருவார் என்று ஒரு தாள் வந்தது. நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. மூன்று அடுப்பு இருக்க வேண்டும். மூன்று விதமான குழம்பு வாசனை வர வேண்டும். ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவர் திரும்பக் கூடாது. ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர்கள் ஓடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் எந்த வேகத்தில் வருவாரோ அந்த வேகத்தில் வரலாம்.

தினமும் சாயங்காலம் நடையில் பயிற்சி செய்தோம். சுகந்திக்குச் சுத்தமாக வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே திரும்பிவிடுவாள். தெருவில் யாராவது குழந்தையைக் கூப்பிட்டால்கூடத் திரும்பினாள். எனக்குக் கோபம் வந்தது. இது ஒன்றுகூட முடியாதா என்று சத்தம் போட்டேன்.

ஆதிரைக்கு இது விளையாட்டு. முதல் நாள் சிரித்துவிட்டாள். இரண்டாம் நாள் முதுகு மட்டும் குலுங்கியது. நான்காம் நாள் ஆறு முறை கூப்பிட்டேன். சடைகூட அசையவில்லை. ஒரு கடலை மிட்டாய் கொடுத்தேன்.

"இன்னொரு தடவ கூப்புடுங்கப்பா," என்றாள்.

கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாளிலிருந்து அவளே ஸ்டூலில் ஏறி நின்று ரசம் வைத்தாள். ரசம் நன்றாக இருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஆறாம் நாள் சுகந்தி என் கதவைத் தட்டினாள்.

"என்னங்க, ஒரு ரூம்தான. போனாப் போகட்டும். மூணு பேரும் ஹால்ல படுத்துக்கலாம். பஸ்ஸ அவ மறுபடி வரஞ்சுக்குவா."

"இன்னும் ரெண்டே நாளு. இவ்ளோ தூரம் வந்துட்டு விடச் சொல்றியா?"

"அவ நேத்து என்னப் பாத்துட்டுக் கதவச் சாத்திக்கிட்டா."

"நல்லாக் கத்துக்கிட்டா," என்றேன்.

சுகந்தி தன் வீட்டுக்குப் போனாள்.

ஆய்வாளர் சொந்த நாற்காலியோடு வந்தார். மெலிந்த மனிதர். நடையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மூன்று கதவுகளையும் அளந்தார். மூன்று குழம்பையும் முகர்ந்தார். மூவரையும் வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னார்.

"பக்கத்து வீட்டுப் பாப்பா பேரு என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியலீங்க."

"ஆதிரைன்னு எழுதியிருக்கு. கூப்புடுங்க."

கூப்பிட்டேன். அவள் வெளியே மின்கம்பியில் இருந்த காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகந்தியைக் கூப்பிடச் சொன்னார். சுகந்தி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. ஆய்வாளர் காத்திருந்து பார்த்துவிட்டு, 'அழைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டார். அவளைப் பற்றித்தான் நான் பயந்திருந்தேன். அவளும் தேறிவிட்டாள்.

பிறகு ஆய்வாளர் எழுந்து போய் ஆதிரையின் கையில் கிள்ளினார். நன்றாகத் திருகிக் கிள்ளினார்.

ஆதிரை வீறிட்டாள்.

என் கால் தானாக முன்னால் போய்விட்டது. ஆய்வாளர் என் காலைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு நிமிஷமாச்சும் யோசிப்பாங்க சார்," என்றார்.

காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். சுகந்தி கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆதிரை முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு சுகந்தியைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டாள். ஒரு நிமிடம் முடிவதற்குள் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். யாரும் போகத் தேவை இருக்கவில்லை.

"சுத்தமான தனிக் குடும்பம்," என்று சொல்லி மூன்று அட்டைகளிலும் முத்திரை குத்தினார் ஆய்வாளர்.

மூன்று ஜன்னல்கள் போயின. அறை இருந்தது. பேருந்தும் இருந்தது. அடுத்த முறை எனக்கு முப்பத்தெட்டு யூனிட் வந்தது. எதுவும் எடுக்கவில்லை. அந்த அட்டையை யாரிடமாவது காட்டலாம் என்று பார்த்தேன். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

நடையில் கதவுகள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப்போகத் தொடங்கின. சுவர்கள் மட்டும் பொதுவாகவே இருந்தன. ஆதிரையின் கதவுக்குப் போய்ச் சேர முதலில் பத்து அடி வைக்க வேண்டியிருந்தது. பிறகு நாற்பது. ஒருநாள் போய்ச் சேர்வதற்குள் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டிக்கொண்டு போயிருந்தாள். கதவில் பால்காரருக்கு ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாள். கையெழுத்து திருந்தியிருந்தது.

அன்றைக்கே கட்டண ஒப்பீட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். பழையபடி சேர்த்துவிடுங்கள், எத்தனை அறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"சேத்துரலாம். ஒரே குடும்பம்னு சுவர் ஒட்டுன பக்கத்து வீட்டுக்காரங்க யாராச்சும் எழுதிக் குடுக்கணும்," என்றார் அந்த அம்மா.

சுகந்தியிடம் போனேன். அவள் தாளை வாங்கிப் படிக்கக்கூட இல்லை. அழுத்திக் கையெழுத்துப் போட்டதில் தாள் கிழிந்தது. இன்னொரு தாளில் போட்டாள். "சீக்கிரம் போங்க," என்றாள்.

அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவங்க யாரு?"

"என் மனைவி."

"அப்பப் பக்கத்து வீட்டுக்காரங்க இல்ல. செல்லாது."

"இல்ல மேடம், பக்கத்து வீடுதான்."

"அப்ப உங்க குடும்பம் இல்ல. எதுக்குச் சேக்கணும்?"

நான் கவுன்ட்டரில் அடித்தேன். கத்தினேன். ஆதிரையின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அதன்பிறகு அலுவலகத்தின் நடை என்னை உள்ளே விடவில்லை. எத்தனை தடவை திரும்பி நின்றாலும் தெருதான் இருந்தது. சுகந்தி முதலில் தினமும் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வாரம் ஒருமுறை வந்தாள். அவள் கதவும் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஆதிரை நின்றிருந்தாள். நல்ல உயரமாகியிருந்தாள். இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகியிருந்தாள்.

"அங்கிள், உங்க வீட்ல கரண்ட் இருக்கா?"

நடிக்கிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. வியர்த்த முகம். வீட்டைப் பற்றிய கவலை தெரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லம்மா," என்றேன்.

"நல்லவேள. எங்க வீட்ல மட்டும்தான் போயிருச்சோன்னு பயந்துட்டேன். தேங்க்ஸ் அங்கிள்."

அவள் அடுத்த வீட்டுக்கு நடந்தாள். வெகுநேரம் நடந்தாள். அங்கே கதவைத் தட்டி, "ஆன்ட்டி, உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" என்று கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள். யாரும் திறக்கவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டம்மா உள்ளேதான் இருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு அவர் அழுவது சுவர் வழியாக வந்தது. மின்விசிறி ஓடாததால் எனக்கு நன்றாகக் கேட்டது.