தொண்ணூற்றாறு வாங்கிய கை

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இலக்கியம் இல்லை. ஒருத்தியிடம் நேரில் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போய், காபியும் குடித்துவிட்டு, சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. வாயில் வராததைக் கதை என்று பேர் வைத்து எழுதிவிடலாம்.

வாசகரே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை போத்தனூரில் சண்முகப்பிரியா என்பவள் ஆறு கிலோ அரிசி கொதிக்கும் போசியை, அந்தப் பெரிய பாத்திரத்தை, தனியாகச் சாய்த்துக் கஞ்சி வடிக்கப்போகிறாள். அவள் வலது மணிக்கட்டுக்குள் தகடு வைத்திருக்கிறார்கள். அவளுக்குத் தைரியம் கொடுத்தது ஒரு வீடியோ கேம். அந்தக் கேமில் நான் தில்லுமுல்லு செய்தேன்.

2

முதல் தொடக்கம்: 'ரயில் சந்திப்பின் மேல் மார்கழி வெயில்...' (அடித்துவிட்டேன். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாவது: 'கருப்பாத்தாள் ஒரு மெஸ் நடத்தி வந்தாள்.' பெயரை மாற்றினால் எனக்குப் பாதுகாப்பு என்று நினைத்தேன். எழுதியதும் வேறு யாரோ வந்து நின்றார்கள். பிரியாவுக்கு வயது நாற்பத்திரண்டு, ஒல்லி உடம்பு, ஸ்கூட்டியில் பறப்பாள். அப்படிப் பறந்துதான் மழைநாளில் சறுக்கி விழுந்தாள். பெயர் அப்படியே இருக்கட்டும்.

நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடும் மெஸ் அது. நான்கு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. அவள் கணவர் மோகன்குமார் லேத் பட்டறை வைத்திருக்கிறார். "மெஸ்ஸை வேற ஆளுக்கு உட்டுப்போடலாம் அம்மணி. இந்தக் கைய வெச்சுட்டு என்ன பண்ணுவே?" என்று என் முன்னாலேயே கேட்டார். அவரை வில்லனாக்கினால் கதை சுலபமாக நகரும். ஆனால் இந்த நான்கு மாதமும் அவளுக்குத் தலை பின்னிவிட்டது அந்த மனிதர்தான். ஆகவே கதையில் வில்லன் இடம் காலி. அதில் யார் உட்கார வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

3

கேம் வந்த கதை சிறியது. அவளுக்குப் பிசியோதெரபி செய்யும் மெஹராஜ், "கையை அசைச்சு விளையாடற மாதிரி ஏதாச்சும் இருந்தா விளையாடுங்க மேடம்" என்றார்.* என் அண்ணன் மகள் பிரீத்திகா கனடா போகும்போது அவளுடைய கேம் பெட்டியை என் வீட்டில் விட்டுப் போயிருந்தாள். அதில் ஒரு சமையல் விளையாட்டு இருந்தது. டிவி முன்னால் நின்று, கையில் பிடித்திருக்கும் கருவியை ஆட்டினால், திரையிலுள்ள கையும் நறுக்கும், கிளறும், சாய்க்கும்.

(* போசி தூக்கலாம் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. மெஹராஜ் மேல் பழி விழக்கூடாது.)

முதல் பாடம் வெங்காயம் நறுக்குவது. வலது கைக் கருவி கத்தி, இடது கைக் கருவி வெங்காயம். பிரியா என் வீட்டு டிவி முன்னால் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். மூன்று முறை விளையாடினாள். மூன்று முறையும் பூஜ்யம். ஏன் என்று திரை சொல்லவில்லை, எனக்கும் புரியவில்லை.

"பாத்தீங்களாக்கா, மெசினுக்கே தெரிஞ்சுபோச்சு. கை செத்துப்போச்சுங்க்கா."

சொல்லிவிட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்து கிடந்தபோதுகூட அழாதவள்.  முகம் கழுவப் போனாள். அந்த இரண்டு நிமிடத்தில்...

இந்த வாக்கியத்தை நான்கு முறை பாதியில் விட்டிருக்கிறேன். எழுதிவிடுகிறேன். அந்த இரண்டு நிமிடத்தில் திரையில் அமைப்புகளைத் திறந்து, அங்கே ஆடுகிற கை அவள் கருவிக்குப் பதில் இன்னொரு கருவிக்குக் கட்டுப்படும்படி மாற்றினேன்.

4

அடுத்த பாடம், வெந்த நூடுல்ஸை வடிப்பது. அதற்கு ஒரு கருவி போதும். "இது நம்ம சோறு வடிக்கறதுதானுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முன்னால் நின்றாள். நான் பின்னால் சோபாவில், மடியில் துப்பட்டாவுக்கு அடியில் அந்த இன்னொரு கருவியோடு. அவள் கை சாய்ந்தபோது நானும் சாய்த்தேன். அவள் கை நடுங்கியபோது நான் நடுங்கவில்லை.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

துள்ளிக் குதித்தாள். அங்கேயே கணவருக்குப் போன் போட்டாள். "ஏனுங்க, திங்கக்கெழம மெஸ்ஸைத் தொறக்கறேனுங்க. நஞ்சம்மாளக்கா காய் அரிஞ்சா போதும். சோறு நாந்தான் வடிப்பேன்." நஞ்சம்மாள் மெஸ்ஸில் கூடமாட வேலை செய்பவள். வடிக்கிற வேலையை மட்டும் பிரியா வேறு கைக்கு விட்டதே கிடையாது. குழைந்தால் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்களாம். நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

5

மறுநாள் சொல்லிவிடலாம் என்று போனேன். அவள் தரையில் அரிவாள்மணை போட்டு, காலால் அழுத்திக்கொண்டு, வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் பிடிபட்டது. அரிவாள்மணையில் கத்தி அசையாது, காய்தான் கத்தியிடம் போகும். என் வீட்டில் அவள் கத்திக் கையை அசையாமல் பிடித்துக்கொண்டு, வெங்காயக் கையைத்தான் நகர்த்தியிருக்கிறாள். அந்தக் கேமைச் செய்தவர்கள் அரிவாள்மணையைக் கண்டார்களா?

ஆக, பூஜ்யம் பொய். கை சரியாகத்தான் இருந்திருக்கலாம். தொண்ணூற்றாறும் பொய், அது என் கை. உண்மையான மதிப்பெண் யாருக்கும் தெரியாது. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு நாளும் அப்படியே.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

'போசி சாய்கிறது, கஞ்சி நூல் பிடித்தாற்போல் இறங்குகிறது, பிள்ளைகள் கை தட்டுகிறார்கள்.' எழுதும்போதே வெட்கமாக இருந்தது. இது என் குற்றத்தைக் கழுவ நானே வைத்துக்கொள்ளும் முடிவு.

'போசி நழுவுகிறது, கொதிக்கும் கஞ்சி அவள்...' இதை முடிக்க மாட்டேன்.

'நஞ்சம்மாள் ஒரு பக்கம் பிடிக்கிறாள்.' பிரியா சம்மதிக்க மாட்டாள். சம்மதிக்க அவளுக்குக் காரணம் எதுவும் இல்லையே, தொண்ணூற்றாறு வாங்கியிருக்கிறாள்.

எந்த முடிவும் என்னுடையதாக இருக்க முடியாது.

7

பிரியா, வாசகரே என்று கூப்பிட்டது உன்னைத்தான். இந்தத் தாள்களை நாளை, சனிக்கிழமை காலை, உன் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன். வேறு யாராவது இதைப் படிக்கிறார்கள் என்றால் நீ சம்மதித்திருக்கிறாய் என்று அர்த்தம். திங்கட்கிழமை என்ன ஆனது என்று அவர்களுக்குச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் போசியில் பச்சைத் தண்ணீரை நிரப்பிச் சாய்த்துப் பார். கொட்டினால் தரைதான் நனையும். அப்போது தெரிவதுதான் உன் கையின் கணக்கு. பக்கத்தில் நிற்க எனக்கு ஆசை. நீ என்னை உள்ளே விடுவாயா என்று தெரியவில்லை.