அக்காவின் இடுப்பு வலிக்கு ஆதாரம்

வலி என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்களில் யாருக்கு நிஜமாகவே வலிக்கிறது என்று சொல்வதுதான் டாக்டரான அவன் வேலை. காப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் ஒரு மேசை, ஒரு கட்டில், எக்ஸ்ரே பார்க்கச் சுவரில் ஒரு வெளிச்சப் பெட்டி. எலும்பு படத்தில் விழும், வலி விழாது. அதனால் பதினாறு வருடமாக ஒரு வழி வைத்திருந்தான். பேசிக்கொண்டே பேனாவைக் கைதவறியதுபோல் கீழே போடுவான். வந்தவர் மரியாதைக்குக் குனிந்து எடுத்துக் கொடுத்தால் கதை முடிந்தது. ‘இயல்பாகக் குனிகிறார்’ என்று அறிக்கையில் எழுதிவிடுவான்.

நாளாக ஆக அந்த வேலை மண்டைக்குள் புகுந்துகொண்டது. அடுத்தவருக்கு வலிக்கிறது என்பதற்கு அவர் முகத்தை விட்டால் என்ன சாட்சி? முகத்தை யாரும் சுளிக்கலாம். போகட்டும், அந்த முகத்துக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்குத்தான் என்ன சாட்சி? அவன் உள்ளே போய்ப் பார்த்த ஒரே ஆள் அவனேதான். ஒருநாள் இதைத் தட்டச்சுக்காரியிடம் சொன்னான்.

“அப்ப நாங்கல்லாம் உங்க கனவுல வர்றவங்களா சார்?”

“என் கனவா இருந்தா உன்ன இன்னும் கொஞ்சம் வேகமா டைப் அடிக்க வச்சிருப்பேனே!”

அலுவலகமே சிரித்தது. பேனா விஷயத்தை வீட்டிலும் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறான்.

அக்கா சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்குகிறவள். இடுப்பு பிடித்துக்கொண்டு, தனியே சமாளிக்க முடியாமல் தம்பி வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. எக்ஸ்ரேயில் ஒரு கீறல்கூட இல்லை. திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வோம் என்று கடிதம் வந்திருந்தது.

“இன்னும் முடியலடா. நீ அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசேன்.”

“பாக்கலாம்க்கா.”

அக்கா பொய் சொல்கிறவள் இல்லை என்று அவனுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

ஞாயிறு காலை இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் கையிலிருந்து கரண்டி நழுவி அவள் நாற்காலிப் பக்கம் விழுந்தது. நழுவவில்லை; நழுவவிட்டான்.

அக்கா கரண்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். மேசை விளிம்பைப் பிடித்து, முழங்காலைத் தரையில் ஊன்றி, அதை எடுத்து மேலே வைத்தாள். எழ முடியவில்லை. மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது.

“எழுதிக்கோ. குனிஞ்சிட்டேன்.”

“இல்லக்கா, கை தவறி...”

“போடா. நீதானே நடிச்சுக் காட்டுன. நானும் சேர்ந்துதானே சிரிச்சேன்.”

“தெரிஞ்சுமா எடுத்த?”

“வேற என்ன பண்ணச் சொல்ற? எடுத்தா வலி பொய்னுவ. எடுக்கலன்னா நடிக்கிறேன்னுவ. எதப் பண்ணா நீ நம்புவேன்னு எனக்குத் தெரியலடா.”

அவனுக்குக் காது மடல்வரை எரிந்தது. தூக்கிவிடக் கை நீட்டினான். அவள் அதைப் பிடிக்கவில்லை. நாற்காலியைப் பற்றி, இரண்டு முறை முயன்று, தானாகவே எழுந்தாள். நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

திங்கட்கிழமை காலை சலவைக்கூட மேலாளருக்குப் போன் செய்து, அக்காவுக்கு இன்னும் வலிக்கிறது, சில நாள் விடுப்பு வேண்டும் என்றான். அவருடைய ஆட்கள் பலர் அவனிடம் சோதனைக்கு வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள். அவனை அவருக்கு நன்றாகத் தெரியும்.

“படத்துல ஏதாவது இருக்கா சார்?”

“இல்ல.”

“அப்ப வலிக்குதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“அவங்க சொல்றாங்க.”

மறுமுனையில் சிரிப்பு. “என்ன சார், எங்க ஆளுங்களும் உங்ககிட்ட வந்து அதத்தானே சொன்னாங்க?”

அக்கா அடுத்த அறையில் விழித்துத்தான் படுத்திருந்தாள். அவள் காதில் விழும் என்று தெரிந்தும் அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

“ஆமா,” என்றான். “சொன்னாங்க.”